பதிவு செய்யாமல் வந்த அம்மன்

சந்திரிகாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் இருபத்தேழு வருடங்களைப் பினாங்கின் புக்கிட் தெங்காவில் ஒரு மின்னணுச் சாமான் தொழிற்சாலையில், வருகிற பொருளையெல்லாம் திருப்பியனுப்பியே கழித்திருந்தாள். தரம் பார்க்கும் பிரிவில் வேலை. பெல்ட்டில் ஊர்ந்து வரும் விரல்நகம் அளவுத் தகடுகளை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்ப்பாள். கொஞ்சம் கோணலாக இருந்தாலும் அதன் முதுகில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாகப் போட்டுவிடுவாள். அவள் கண்ணிலிருந்து ஒரு கோணல் தப்பியதாக வரலாறே கிடையாது.

"என்னையே ஒரு தடவ ரிஜெக்ட் பண்ணிட்டா," என்று அவள் கணவன் கோகுலன் எல்லோரிடமும் சொல்வான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், சாதுவான மனிதன். "கல்யாணத்துக்கு முந்தி பொண்ணு பாக்கப் போனப்ப. மீசை ஒரு பக்கம் கூட இருக்குன்னு சொல்லிட்டா. சரி பண்ணிட்டு வந்த பெறகுதான் பாஸ் ஆனேன்."

இப்படிப்பட்டவளைத்தான் சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்த சின்ன மாரியம்மன் கோயிலுக்குச் செயலாளராகப் போட்டார்கள். போட்டவர் தலைவர் அண்ணாமலை. ஓய்வு பெற்ற வழக்கறிஞர். காலையில் இட்லி சாப்பிடுவதற்கு முன்னால்கூட "ஆட்சேபணை யாருக்காவது உண்டா" என்று கேட்கும் பழக்கம் உள்ளவர். அவருக்கு அப்போது வேறு வழியும் இருக்கவில்லை. அதற்கு முந்தைய ஆடித் திருவிழாவில், உறுமி மேளம் உச்சத்துக்குப் போனபோது, ஒரே நேரத்தில் பதினொரு பேருக்கு அருள் வந்துவிட்டது. இருப்பதோ நாலு கார் நிறுத்துமளவு இடம். பதினொரு சாமிகள் அதற்குள் சுற்றிச் சுற்றி ஆடியதில் அன்னதானத்துக்கு வைத்திருந்த ரசப்பானை கவிழ்ந்து, ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் முழுதாகப் போய்விட்டது. மூன்று வாரம் கோயில் மைக்கில் யார் பேசினாலும் கேட்கிறவர்களுக்கு மிளகு நெடி அடித்தது.

"இதுக்கு ஒரு ஒழுங்கு வேணும்மா," என்றார் அண்ணாமலை. சந்திரிகா அந்தச் சொல்லுக்காகவே பிறந்ததுபோல் அன்றிரவே எழுத உட்கார்ந்தாள்.

நாற்பத்தொரு விதிகள் வந்தன. பிளாஸ்டிக் உறை போட்டு வாசலில் மாட்டினாள். அருள்வாக்குக் கேட்பவர்கள் ஆளுக்கு ஒரு கேள்விதான் கேட்கலாம்; வேலை மாற்றம் பற்றிய கேள்விக்குத் தனி வரிசை. சாமியாடுகிறவர்களுக்குத் தலைக்கு இரண்டு எலுமிச்சம்பழம். ஆடுவதைப் பகல் பன்னிரண்டுக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். இதில் முக்கியமானது பதினான்காவது விதி. அருள் வர விரும்புகிறவர்கள் இரண்டு வாரத்துக்கு முன்பே படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும்; ஒரு விழாவுக்கு மூன்று பேர்தான்; ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம்; தரையில் சுண்ணாம்பால் போட்ட பெட்டிக்குள் நின்றுதான் ஆட வேண்டும்.

ஒன்பதாவது விதி வேறு மாதிரி. காமிராவும் கையுமாக வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்கள் கருவறை வாசல் வரை வந்துவிடுகிறார்கள் என்பதற்காக, தொழிற்சாலையில் இருப்பதுபோலவே மண்டபத்துக்குக் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு போட்டாள். கோட்டுக்கு உள்ளே இந்துக்கள் மட்டும்.

சுற்றுலாக்காரர்கள் கோட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். அவர்களால் தொந்தரவில்லை. சிக்கல் சியூ பீயிடம் வந்தது.

சியூ பீ அடுத்த தெருச் சந்தையில், ஊர்ப்பேச்சில் பாசாரில், சோயாப் பால் விற்கும் சீனப் பெண்மணி. அறுபத்தைந்து வயதிருக்கும். சோயா ஆன்டி என்றால்தான் தெரியும். இருபது வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து, அம்மனுக்கு நேர் எதிரே நின்று, மூன்று ஊதுபத்தியைத் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டுவிட்டுப் போவார். சந்திரிகா அவரை வாசலிலேயே நிறுத்தினாள்.

"ஆன்டி, சாரிலா. இனிமே இந்தக் கோட்டுக்கு வெளியத்தான் நிக்கணும்."

சியூ பீ குனிந்து கோட்டைப் பார்த்தார். "கார் பார்க்கிங்கா?"

"இல்ல ஆன்டி. ரூல்."

"ஓ, ரூல். போலே, போலே," என்று மலாயில் சரி சொல்லிவிட்டுக் கொஞ்சமும் மனம் கோணாமல் பின்னால் நகர்ந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு மடக்கு ஸ்டூல் கொண்டுவந்து, கால்விரல் கோட்டைத் தொடாமல் பார்த்து உட்கார்ந்துகொண்டார். முட்டிவலி வேறு. ஊதுபத்தியை உள்ளே போகிற யாரிடமாவது கொடுத்து நட்டுவிடச் சொல்வார். சந்திரிகாவே இரண்டு தடவை வாங்கி நட்டிருக்கிறாள். அப்போது அவளுக்கு என்னவோபோல் இருந்தது. ஆனால் விதி என்று எழுதிவிட்டு ஆளுக்கொரு மாதிரி நடக்க அவளால் முடியாது.

ஆடி மாதம் வந்தது. மூன்று படிவங்களும் வந்தன. முதல் படிவம் பக்கிரிசாமியுடையது. சிம்பாங் அம்பாட்டில் லாரி ஓட்டுகிறவர். இருபத்தைந்து வருடமாக மதுரைவீரன் அருள் வந்து ஆடுகிறவர். ஒரு பேனாவைக் கையில் பிடித்தால் வியர்த்துப்போகும் ஆள்.

"அக்கா, இது என்னா கேள்வி? சாமி எத்தன மணிக்கு வரும்னு கேட்டிருக்கு?"

"உத்தேசமா போடுங்க, பக்கிரி."

"வர்ற சாமிக்கு ரத்த அழுத்தம் உண்டான்னு கேட்டிருக்கு."

"அது உங்களுக்கு. சாமிக்கு இல்ல."

பக்கிரிசாமி பெருமூச்சு விட்டு, 'காலை 10.15 முதல் 10.20 வரை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

திருவிழா ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாம் ஒழுங்காகவே ஆரம்பித்தது. ரசப்பானையைச் சங்கிலி போட்டுத் தூணோடு கட்டியிருந்தார்கள். வெளியே சந்து முழுக்கப் பந்தல். பந்தல்காரர் சீனி முகம்மது மதில்சுவருக்கு அந்தப் பக்கம் ஏணியில் நின்று ஒரு கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். சூலியா தெருவிலேயே பிறந்து, சீனக் கடைகளுக்கு நடுவே வளர்ந்து, அந்தச் சந்தில் எந்தச் சாமிக்குத் திருவிழா என்றாலும் பந்தல் போடுகிறவர். சந்திரிகா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தவள். விரதம் என்பதால் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. கையில் படிவங்களைச் செருகிய அட்டை, கழுத்தில் விசில்.

பத்தேகாலுக்கு உறுமி உறுமியது. பக்கிரிசாமியும் மற்ற இருவரும் வேப்பிலையோடு அவரவர் பெட்டிக்குள் இறங்கிக் கண்ணை மூடினார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை.

மேளக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். பூசாரி சாம்பிராணியை அள்ளிப் போட்டார். பெண்கள் குலவையிட்டார்கள். பக்கிரிசாமியின் தோள் ஒருமுறை அசைந்தது. அது ஈ உட்கார்ந்ததால். பத்து நிமிடம் ஆனது. அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"அக்கா, இன்னும் அஞ்சு நிமிஷம் கூட்டிக் குடுங்க."

"பத்து இருபதுன்னு நீங்கதானே எழுதுனீங்க."

"எழுதுனது நானு. வர வேண்டியது அவருலா."

சந்திரிகா ஐந்து நிமிடம் கொடுத்தாள். பிறகு இன்னொரு ஐந்து, அதற்கு மேலும் ஐந்தைந்தாக. பதினொன்றேகாலுக்குப் பெரிய மேளத்துக்காரருக்குக் கை மரத்துப்போய், ஒருவர் பின்னாலிருந்து அவர் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது பெட்டிக்காரர் கழிவறைக்குப் போக அனுமதி கேட்டார். அதற்கு விதி எதுவும் எழுதப்படவில்லை என்பதைச் சந்திரிகா அப்போதுதான் கவனித்தாள்.

மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஒரு ஸ்டூல் பறந்துபோய்ச் சுவரில் மோதியது.

எல்லோரும் திரும்பினார்கள். சியூ பீ நின்றுகொண்டிருந்தார். மாடிப்படி ஏறினாலே முட்டியைப் பிடித்துக்கொள்கிறவர், இப்போது தரை அதிர ஒரு குதி குதித்தார். கொண்டை அவிழ்ந்து நரைமயிர் முதுகில் விழுந்தது. நாக்கை மடித்துக் கடித்துக்கொண்டு அவர் போட்ட ஆட்டத்தைப் பார்த்து மேளக்காரர்களுக்குத் தங்கள் கைவலி மறந்துபோயிற்று. ஆடிக்கொண்டே கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார்.

கூட்டம் விலகி வழிவிட்டது. சந்திரிகா மட்டும் விலகவில்லை.

"ஆன்டி, லைன். ஆன்டி, லைன்."

சியூ பீ நின்றார். அவளை மேலும் கீழும் பார்த்தார். அவள் நீட்டியிருந்த அட்டையைப் படிவங்களோடு கையிலிருந்து மெதுவாக வாங்கி, அதைக் கொண்டு விசிறிக்கொண்டார். வெயிலும் நல்ல வெயில்தான். பிறகு கனத்த குரலில் பேச ஆரம்பித்தார். வழக்கமாக அவர் பேசும் கலப்படத் தமிழும் இல்லை, மலாயும் இல்லை. முழுக்க ஹொக்கியன் சீனம்.

அண்ணாமலை கையைக் கட்டிக்கொண்டு முன்னே வந்தார். ஒரு வழக்கறிஞருக்குச் சாட்சி என்ன சொல்கிறார் என்று தெரியாவிட்டால் பெரிய அவஸ்தை. "இங்க யாருக்குப்பா ஹொக்கியன் தெரியும்?"

எல்லோரும் மதில்சுவரைப் பார்த்தார்கள். அங்கே சீனி முகம்மதுவின் தலை தெரிந்தது.

"அண்ணே, கொஞ்சம் சொல்லுங்களேன்," என்றாள் ஒருத்தி.

சீனி முகம்மது யோசித்தார். "நான் ஏணியிலயேதான் நிப்பேன். அவங்க சொல்ற சொல்லைச் சொல்றேன், அவ்வளவுதான். அதுக்கு மேல என்னைய ஒண்ணும் கேக்கக்கூடாது."

ஒப்புக்கொண்டார்கள்.

"இந்த மூணு பேரை யாரு பொட்டிக்குள்ள அடைச்சதுன்னு கேக்குறாங்க."

எல்லோரும் சந்திரிகாவைப் பார்த்ததே பதிலாகிவிட்டது.

"நான் வந்தா எங்க நிக்கிறது, எனக்குப் பொட்டி போடலையான்னு கேக்குறாங்க."

"நாலாவதா ஒண்ணு போட்டுருவோம்," என்றார் பூசாரி பதறிப்போய்.

"நாலு சீனவங்களுக்கு ஆகாத நம்பருங்க," என்று பின்னாலிருந்து யாரோ நினைவூட்டினார்கள்.

அண்ணாமலைக்கு மனம் கேட்கவில்லை. "தாயே, உன் பிள்ளைகளுக்குப் புரியுற மாதிரி தமிழ்ல பேசக்கூடாதா?"

பதில் வந்தது. சீனி முகம்மது தொண்டையைச் செருமினார். "இவ வாயில இருக்கிறதைத்தானே எடுத்துப் பேச முடியும்னு சொல்றாங்க. தமிழ் வேணும்னா இருபது வருஷத்துல ஒருத்தராவது இவளுக்கு ஒழுங்காச் சொல்லிக் குடுத்திருக்கணுமாம்."

அதற்குப் பிறகு வரிசை என்று ஒன்று இல்லை. கிழவர்களும் குழந்தைகளும் ஒரே நெரிசலாகப் போய் விழுந்தார்கள். சியூ பீ தட்டிலிருந்த திருநீற்றை அள்ளி அள்ளி எல்லோர் நெற்றியிலும் அப்பினார். வாசலில் நிறுத்தியிருந்த நேப்பாளக் காவலாளிக்கு, தப்பான விலாசத்துக்கு உணவுப் பொட்டலம் கொண்டுவந்த சீனப் பையனுக்கு, செருப்பைக் கழற்றலாமா கூடாதா என்று தெரியாமல் ஒரு செருப்போடு நின்ற இரண்டு வெள்ளைக்காரர்களுக்கு, எல்லோருக்கும் ஒரே அளவு. ஏணியை நோக்கிக் கை நீண்டபோது சீனி முகம்மது நெஞ்சில் கைவைத்து, "எனக்கு வேணாம்மா," என்றார். சாமி கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு எலுமிச்சம்பழத்தைத் தூக்கிப் போட்டது. "வெயில்ல நிக்கிறே, பிழிஞ்சு குடின்னு சொல்றாங்க," என்று தனக்கு வந்ததையும் அவர் நாணயமாக மொழிபெயர்த்தார்.

சந்திரிகா ஒரு தூணோரம் வெறுங்கையோடு நின்றாள். அட்டை இல்லாமல் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவள் நெஞ்சுக்குள் கோபம் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அது விதி மீறப்பட்ட கோபம் மட்டுமில்லை. கோகுலனுக்குக்கூடச் சொல்லாத ஒன்று அவளிடம் இருந்தது. பத்தொன்பது வயதில் நாற்பத்தெட்டு நாள் விரதமிருந்து, ஒருவேளைச் சோறு, பாயில்லாத படுக்கை என்று எதிலும் குறை வைக்காமல், இதே அம்மன் முன்னால் வேப்பிலையோடு நின்றாள். மேளம் அடித்து ஓய்ந்தது. ஒரு மயிர்க்கால்கூடச் சிலிர்க்கவில்லை. எதிலோ தவறியிருக்கிறோம், தரம் போதவில்லை என்று அன்றைக்கு அவளே தன்னை ஓரமாகப் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

சியூ பீ அவள் எதிரே வந்து நின்றார். மேளம் தானாக அடங்கியது. அவள் முகவாயைப் பிடித்துத் தூக்கி, மூன்றே சொல் சொன்னார்.

"ஜியா பா போய்?"

ஏணியில் சீனி முகம்மது வாயைத் திறந்தார்.

"வேணாம் அண்ணே, தெரியும்," என்றாள் சந்திரிகா.

பினாங்கில் அது எல்லோருக்கும் தெரியும். சாப்பிட்டாயா என்பதுதான். காலை மூன்று மணியிலிருந்து அவளை எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருந்தார்கள். வாழைக்கட்டு எங்கே, சாவி எங்கே, என் பெயர் ஏன் பட்டியலில் இல்லை என்று. இதை யாரும் கேட்கவில்லை. "இல்லம்மா," என்று சொன்னாள். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. சின்னப் பிள்ளை மாதிரி மூக்கு ஒழுக, விசில் கழுத்தில் ஆட, விக்கி விக்கி அழுதாள். விசில் வாயருகே வந்தபோதெல்லாம் அழுகையோடு சேர்ந்து அதுவும் கீச்சென்று கத்தியது. முதலில் யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவது தடவை கத்தியபோது கோகுலன் சிரித்துவிட்டான். அதைப் பார்த்து அவளும் சிரித்தாள்.

சாமி மலையேறியது. சியூ பீ தரையில் உட்கார்ந்து, சுற்றிலும் பார்த்தார். "ஐயோ, என் பால் அடுப்புல," என்று எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓடினார்.

மறுநாள் மாலை அவசரக் கூட்டம் போட்டார்கள். நேற்று வந்த அருள் செல்லுமா செல்லாதா என்பதுதான் பொருள். முதலில் எழுந்தவர் பக்கிரிசாமி.

"முறையா விண்ணப்பம் குடுத்தவங்க மூணு பேரு ஒரு மணி நேரம் வெயில்ல நின்னோம். பதியாத ஆளுக்குக் குடுத்துட்டாங்க. இது புகார்."

"யார் மேல புகார்?" என்று அண்ணாமலை கேட்டார்.

பக்கிரிசாமி கருவறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "அம்மன் மேலத்தான்."

"வழிமொழிகிறவர்கள்?"

ஒருவரும் கையைத் தூக்கவில்லை. இரண்டாவது பெட்டிக்காரர் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். புகார் தள்ளுபடியானது. கடைசியில், நடந்தது நடந்துவிட்டது, பின்தேதியிட்டாவது ஒரு படிவம் வாங்கிக் கோப்பில் வைத்துவிடலாம் என்று முடிவாயிற்று. செயலாளர் போய் வாங்கி வர வேண்டும்.

சந்திரிகா போனாள். பாசாரில் சியூ பீயின் கடைக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து படிவத்தை விரித்தாள்.

"எந்தச் சாமி வந்தது ஆன்டி?"

"உங்க சாமிலா. எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல."

"உங்க மதம்?"

"புத்தர் கும்பிடுறேன். டத்தோ கோங் கும்பிடுறேன். அம்மன் கும்பிடுறேன். புக்கிட் மெர்தாஜாம் மாதா கோயில் திருநாள்ல மெழுகுவத்தியும் வைக்கிறேன். எல்லாம் எழுத இடம் இருக்கா?"

இடம் இல்லை. சந்திரிகா அடுத்த கேள்விக்குப் போனாள். "எத்தன நாள் விரதம்?"

"விரதம் இல்ல. அன்னைக்குக் காலையில கோய்தியாவ் சாப்ட்டேன். பெரிய தட்டு. பன்னிக் கொழுப்புப் போட்டு வறுத்தது."

"முட்டை?"

"ரெண்டு. வாத்து முட்டை."

சந்திரிகா பேனாவை மூடினாள். பத்தொன்பது வயதில் இருந்த நாற்பத்தெட்டு நாள் விரதத்தை முதல்முறையாக ஒரு மனுஷியிடம் வாய்விட்டுச் சொன்னாள். சியூ பீ பால் ஊற்றிக்கொண்டே முழுவதும் கேட்டார். நடுவில் நாலைந்து பேருக்கு வியாபாரமும் பார்த்தார்.

"நாப்பத்தெட்டு நாள் பட்டினி," என்றார் கடைசியில், தலையை ஆட்டிக்கொண்டு. "உன் மூஞ்சியப் பாத்தே சாமி பயந்திருக்கும்லா." ஒரு கிண்ணம் சோயாத் தயிரில் வெல்லப்பாகு ஊற்றி அவள் முன்னால் நகர்த்தினார்.

படிவத்தில் கடைசிக் கட்டம் 'அனுமதி அளித்தவர்'. அதில் யார் பெயரைப் போடுவது என்று அவளுக்கு விளங்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டே வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு சொட்டு வெல்லப்பாகு அதன்மேல் விழுந்து கட்டமே தெரியாமல் போய்விட்டது.

அடுத்த மாதப் பொதுக்கூட்டத்தில் அவளே எழுந்து பதினான்காவது விதியையும் ஒன்பதாவது விதியையும் எடுத்துவிடலாம் என்றாள். பெரிதாகப் பேசவெல்லாம் இல்லை. "நான் பாத்த மட்டுல இது வேலை செய்யல," என்றாள், தொழிற்சாலையில் ஒரு இயந்திரத்தைப் பற்றிச் சொல்வதுபோல. அண்ணாமலை ஆட்சேபணை கேட்டார். ஆட்சேபணை இருந்தது; காரசாரமாகவே இருந்தது. கோட்டை எடுத்தால் நாளைக்கு யார் யாரோ வருவார்கள் என்றார் ஒருவர். கோடு இருந்தபோதும் வரத்தான் வந்தார்கள் என்றார் பூசாரி. ஏழுக்கு ஐந்து என்று தீர்மானம் நிறைவேறியது. மற்ற முப்பத்தொன்பது விதிகளும் அப்படியே இருக்கின்றன. செருப்பு விஷயத்தில் அவளிடம் இன்றைக்கும் யாரும் தப்ப முடியாது.

அவளுக்கு அருள் வரவில்லை. வருமா என்று அவள் பார்த்துக்கொண்டிருக்கவும் இல்லை.

போன புதன்கிழமை தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் பக்கிரிசாமியிடமிருந்து போன் வந்தது. பின்னால் ஒரே கூச்சல்.

"அக்கா, வந்துருச்சு."

"என்ன வந்துச்சு?"

"மதுரைவீரன். சிம்பாங் அம்பாட் பாசார்ல, மீன் எறக்கிக்கிட்டிருக்கிறப்ப. சொல்லாம கொள்ளாம வந்துட்டாரு. இப்பத்தான் போனாரு. ஒரு மணி நேரம் ஆடியிருக்கேன். மலாய்க்காரங்க, சீனவங்க எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க."

"ஒண்ணும் ஒடையலையே?"

"ஐஸ் பெட்டி ரெண்டு. அதை விடுங்க. இங்க ஒரு பாட்டிக்கு மகன் எப்ப வீட்டுக்கு வருவான்னு தெரியணுமாம். சாமி போயிட்டாரே, நான் என்னா சொல்றது?"

சந்திரிகா யோசித்தாள். "மகன் நம்பர் இருக்கான்னு கேளுங்க."

இருந்தது. பக்கிரிசாமி அங்கேயே மீன் வாடையோடு நின்று, அந்த மகனுக்குப் போன் போட்டு, தாயிடம் பேசச் சொல்லிப் பாட்டி கையில் கொடுத்தார்.